இறைவாக்கினரைப் படித்த புனித ஜெரோம்



உலக முடிவுக்கு நாள் குறிப்போர் எக்காலத்திலும் உண்டு. அவர்கள் கையில் எடுப்பவை தானியேல் ஆகமமும் திருவெளிப்பாடுமே. இந்நூல்களைப் படிப்போர் எப்படி வாழவேண்டும் என்று காட்டியவர் மறைவல்லுநர் புனித ஜெரோம்.

கி.பி. 347-ஐ ஒட்டி ஸ்திரிதோன் என்னும் ஊரில் பிறந்த இவர், உரோமையில் இலத்தீன் இலக்கியம் கற்றார். பின் சிரியாவின் பாலைநிலத்தில் தவம் செய்தபோது, கிறிஸ்துவை ஏற்ற யூதர் ஒருவரிடம் எபிரேயம் பயிலத் தொடங்கினார். இலத்தீனில் ஊறிய செவிக்கு அது கரடுமுரடாகப் பட்டது. பலமுறை கைவிட்டு, மறுபடியும் தொடங்கினார். பாப்பரசர் தமாசுசுக்குச் செயலராகப் பணியாற்றியபின், 386-இல் பெத்லகேமில் குடியேறினார். அங்கும் யூத ஆசிரியர் ஒருவர் இரவில் வந்து கற்பித்தார். இதன் பயனாக, இறைவாக்கினர் நூல்களை எபிரேய மூலத்திலிருந்தே இலத்தீனில் பெயர்த்தார்.

407-இல் தானியேலுக்கு விளக்கவுரை எழுதினார். அந்நூல் மக்கபேயர் காலத்தில் எழுந்தது என்ற பொர்பீரியுசின் வாதத்தை மறுத்தார். காலக் கணிப்பில் இன்று கத்தோலிக்க அறிஞர் பலரும் பொர்பீரியுசோடு உடன்படுகின்றனர். ஆயினும் எதிராளியின் வாதங்களை மறைக்காது எடுத்தெழுதிய ஜெரோமால்தான் அவை பெரும்பாலும் நமக்குக் கிடைத்துள்ளன.

தானியேல் கண்ட நான்காம் விலங்கு உரோமைப் பேரரசே என்றும், அதன் அழிவுக்குப்பின் எதிர்க்கிறிஸ்து தோன்றுவான் என்றும் அவர் விளக்கியிருந்தார். மூன்றே ஆண்டுகள் சென்றன. 410 ஆகஸ்டில் அலாரிக்கின் படை உரோமையைச் சூறையாடியது. நண்பர் பம்மாக்கியுசும், ஞானமகளாய்த் திகழ்ந்த மார்செல்லாவும் இறந்த செய்தி வந்தது. ஜெரோம் நிலைகுலைந்தார். எழுதத் தொடங்கியிருந்த எசேக்கியேல் விளக்கவுரை நின்றுபோயிற்று.

ஆனால் முடிவு வரவில்லை, அகதிகள் வந்தார்கள். செல்வத்தில் திளைத்தவர்கள் பெத்லகேமில் கையேந்தி நின்றனர். முதிர்ந்த வயதில் ஜெரோம் ஏடுகளை ஒதுக்கிவைத்து அவர்களுக்குத் தொண்டு செய்தார். இரவில் விளக்கொளியில் எசேக்கியேலைச் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். 414-இல் அது நிறைவுற்றது. அடுத்து எடுத்த எரேமியா விளக்கவுரை முடியுமுன்னே, 420-இல் இறைவனடி சேர்ந்தார்.

உரோமை நகரின் வீழ்ச்சியை அவர் தம் காலத்திலேயே கண்டார். ஆண்டவர் வரும் நாளையோ காணவில்லை. எனினும் வாசலில் வந்த ஏழையில் அவரை வரவேற்றார். நாமும் விவிலியத்தை ஆழ்ந்து படிப்போம். கதவு தட்டப்படும்போது எழுந்து செல்வோம். ஆண்டவரை எதிர்நோக்குவது என்பது இதுவே.