கொட்டியாரத்தில் சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ்

எமது மாவட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் குளக்கோட்டு மன்னனில் தொடங்கி, கோணேசர் ஆலயத்தை இடித்தழித்த போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சாவில் வந்து நிற்பது வழமை. அதன்பின் நேரே 1795 ஆம் ஆண்டுக்குத் தாவி, ஆங்கிலேயர் திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றிய கதையைச் சொல்வார்கள். ஆனால் அதற்கு 135 ஆண்டுகளுக்கு முன்னரே ஆங்கிலேயர் சிலர் மகாவலி கங்கை கடலோடு கலக்கும் கொட்டியாரக் குடாவில் வந்திறங்கினர். வெல்லவோ ஆளவோ வந்தவர்கள் அல்லர் அவர்கள். முறிந்துபோன பாய்மரத்தைச் சீர்செய்ய வந்தவர்கள். அவர்களுள் ஒருவரான றொபேட் நொக்ஸ், இலங்கையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட முதல் பெருநூலின் ஆசிரியராகப் பின்னாளில் உலகப் புகழ் பெற்றார். மூதூரில் 'வெள்ளைக்காரன் மரம்' என்று மக்கள் வழங்கிய புளியமரம் அவரது கதையோடு தொடர்புடையதே.

நொக்ஸ் 1641 ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். தந்தையார் பெயரும் றொபேட் நொக்ஸ். அவர் கிழக்கிந்தியக் கம்பனியின் பணியிலிருந்த 'ஆன்' என்னும் கப்பலின் தலைவர். மகன் பதினான்காவது வயதிலேயே தந்தையாருடன் கடலேறினார். 1659 நவம்பர் 19 ஆம் திகதி மசூலிப்பட்டினத் துறையில் வீசிய புயலில் கப்பலின் பெரிய பாய்மரம் போயிற்று. சென்னைக் கோட்டையிலிருந்த கம்பனி அதிகாரிகள், கொஞ்சம் துணியையும் ஏற்றிக்கொண்டு கொட்டியாரம் சென்று வணிகம் செய்தவாறே கப்பலைத் திருத்திக்கொள்ளும்படி பணித்தனர்.

அக்காலத்தில் கொட்டியாரம் யாருடையது என்பதை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். 1639 இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றினர். அடுத்த ஆண்டே இக்கரை கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் கைக்கு வந்தது. கொட்டியாரபுரம், தம்பலகாமம், கட்டுக்குளம், திருகோணமலை என்ற நான்கு பற்றுகளிலும் வன்னிபங்கள் எனப்பட்ட தமிழ்த் தலைவர்களே நிலமும் நீரும் நிர்வகித்து வந்தனர். இடிக்கப்பட்ட கோணேசர் ஆலயத்தின் திருவுருவங்கள் தம்பலகாமத்தில் மீண்டும் பிரதிட்டை செய்யப்பட்டதும் இந்த மன்னனது காலத்திலேதான் என்பது வழிவழி வந்த செய்தி. எமக்கு ஆலயம் அமையக் காரணமானவன் என்று போற்றப்படும் அதே அரசன்தான் நொக்ஸின் நூலில் கொடுங்கோலனாகக் காட்சி தருகின்றான். இரண்டையும் சேர்த்து வாசிப்பதே முறை.

கப்பல் கொட்டியாரம் வந்தபோது உள்ளூர் மக்கள் நட்புடனேயே பழகினர். கப்பல் தலைவர் செய்த பிழை ஒன்றுதான். வந்தவுடன் மன்னனுக்குக் கடிதமும் காணிக்கையும் அனுப்பவில்லை. போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரை அழைத்து, பின் அவர்களாலேயே ஏமாற்றப்பட்ட இராஜசிங்கன் எந்தக் கப்பலையும் ஐயத்துடன் நோக்கியதில் வியப்பில்லை. திசாவை ஒருவர் படையுடன் அனுப்பப்பட்டார். புளியமரத்தின் கீழ் அமர்ந்திருந்த கப்பல் தலைவர் 1660 ஏப்ரல் மாதத்தில் பிடிக்கப்பட்டார். படகில் கரைக்கு வந்திருந்தோரும் அகப்பட, மொத்தம் 16 பேர் சிறைப்பட்டனர்.

இதன் பின்னர் நடந்ததுதான் நொக்ஸின் வாழ்க்கையைத் தீர்மானித்தது. கப்பலையும் ஆற்றுக்குள் கொண்டுவரச் செய்யுமாறு திசாவை வற்புறுத்தினார். அச்செய்தியைக் கப்பலுக்கு எடுத்துச் செல்ல மகன் அனுப்பப்பட்டார். தன்னைக் கைவிடாது திரும்பி வரவேண்டும் என்று தந்தையார் மகனிடம் வாக்குப் பெற்றிருந்தார். கப்பலில் ஏறிய இளைஞருக்கு அப்பொழுது வயது பத்தொன்பது. பீரங்கிகளும் தோழர்களும் உள்ள கப்பல், எந்நேரமும் நங்கூரம் தூக்கலாம். கட்டளைக்கு இணங்கமாட்டோம் என்று மாலுமிகள் எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தை வாங்கிக்கொண்டு அவர் கரைக்கே திரும்பினார். கப்பல் தப்பியது. தந்தையின் சொல்லுக்காகத் திரும்பி வந்த மகன் பத்தொன்பது ஆண்டுகளும் ஆறு மாதங்களும் சிறையிருந்தார்.

கைதிகள் மலைநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டு ஊருக்கொருவராகப் பிரித்து வைக்கப்பட்டனர். விலங்கு இல்லை, சிறைக்கூடம் இல்லை. ஊரார் முறைவைத்து உணவளிக்க வேண்டும் என்பது அரச ஆணை. தந்தையும் மகனும் ஏழு கோரளையில் உள்ள பண்டார கொஸ்வத்தையில் விடப்பட்டனர். அங்கே இருவரையும் காய்ச்சல் பீடித்தது. மகனைக் கரைக்குத் திரும்பச் சொன்னது தானே என்ற எண்ணம் தந்தையாரை நோயைக் காட்டிலும் வாட்டியது. 1661 பெப்ரவரி 9 ஆம் திகதி அவர் காலமானார். தீட்டுக்கு அஞ்சிய ஊரார், மாடு கட்டும் கயிறொன்றை அனுப்பி, சடலத்தைக் காட்டுக்குள் இழுத்துவிடும்படி சொன்னார்கள். எழுந்து நிற்கவே வலுவற்றிருந்த மகன் கூலிக்கு ஆள் பிடித்துத் தந்தையைப் புதைத்தார்.

அந்நேரத்தில் அவரோடு இருந்தவன் பறங்கிப்பேட்டையிலிருந்து கப்பல் தலைவர் ஏவலுக்குக் கொண்டுவந்த ஒரு சிறுவன். தன் நிறத்து மக்களிடம் எசமானர் கைதியானதைக் கண்டதும் அவன் சொற்கேளாதவன் ஆகிவிட்டான் என்று நொக்ஸ் குறைப்பட்டு எழுதுகின்றார். அச்சிறுவனின் பெயரை அவர் எழுதவில்லை. தம் சிறையை நூல் முழுவதும் நினைவில் வைத்திருந்தவருக்கு, அருகிலேயே இன்னொரு சிறை இருந்தது தெரியவில்லைப் போலும்.

ஒருநாள் ஓடையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது, போர்த்துக்கேயரிடமிருந்து கிடைத்த புத்தகம் ஒன்றுடன் முதியவர் ஒருவர் அவ்வழியே வந்தார். பார்த்தால் அது ஆங்கில விவிலியம். தாம் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து நொக்ஸ் அதை வாங்கிக்கொண்டார். எத்தெய்வத்தை வழிபடுபவராயினும், தனிமையில் தம் சமய நூல் கைக்கு வந்தவரின் மகிழ்ச்சி எப்படியிருந்திருக்கும் என்பதை எமது வாசகர்கள் அறிவார்கள்.

இனி அவரது பிழைப்பு. தொப்பி பின்னி விற்றார். பன்றியும் கோழியும் வளர்த்தார். நெல்லைக் கடனாகக் கொடுத்தார். அதற்கு வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது! ஊர் வழக்கம் அதுவே என்றாலும், அடிமைப்பட்டவரும் கடன் கொடுப்பவராக மாறிய வேகம் நோக்கத்தக்கது. பின்னர் கண்டிக்குத் தெற்கே எலதத்த என்னும் இடத்தில் 25 இலாரின் காசுக்குத் தோட்டக்காணி ஒன்றை வாங்கி வீடு கட்டினார். ஆக, ஆங்கிலேயர் இந்நாட்டில் ஒரு சாண் நிலத்தையும் ஆளாத காலத்திலேயே, விலைகொடுத்துக் காணி வாங்கிய ஆங்கிலேயர் ஒருவர் இருந்தார். அவரும் ஒரு கைதி. நிலம் இராசகாரியத்துடன் பிணைந்திருந்ததையும், காணி உள்ளவன் அதற்கேற்ற ஊழியம் செய்யக் கடமைப்பட்டிருந்ததையும், வயல் உழுவது முதல் சூடு மிதிப்பது வரையிலான வேலைகளையும் அவர் நுணுக்கமாக விவரிப்பதற்கு இந்த அனுபவமே காரணம். அவரது நூலில் அரசியலைவிட வயல்தான் நம்பத்தகுந்த பகுதி என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

உடனிருந்த கைதிகள் பலர் அங்கேயே மணம் முடித்துப் பிள்ளைகுட்டிகளுடன் வாழத் தலைப்பட்டனர். நொக்ஸ் மறுத்துவிட்டார். பெண் எடுத்தால் வேர் ஊன்றிவிடும் என்ற பயம். ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழருடன் சேர்ந்து சில்லறைச் சாமான் விற்கும் வியாபாரி போல் வடக்கே போய்ப் போய் வழி பார்த்தார். மூன்று நான்கு ஆண்டுகள் மழை பொய்த்து, குடிக்கவும் தண்ணீர் இல்லாமற் போனதால் பலமுறை திரும்ப நேர்ந்தது.

1679 செப்ரெம்பர் 22 ஆம் திகதி புறப்பட்ட பயணமே கைகூடியது. அனுராதபுரத்தை அடைந்தபோது அங்கே சிங்களம் விளங்காத மக்களைக் கண்டு இருவரும் திகைத்தனர். அவர்கள் கண்டி மன்னனுக்குட்பட்ட தமிழர். அதற்கப்பால் இருந்த தமிழ்ப் பகுதியைக் கைலாய வன்னியனின் நாடு என்று நொக்ஸ் குறிப்பிடுகின்றார். வன்னியர் ஆட்சியைப் பற்றி ஐரோப்பியர் ஒருவர் தந்த இக்குறிப்பு எமது ஆய்வாளர்களுக்குப் பெரிதும் பயன்பட்டுள்ளது. மூன்று நாள் தங்கிச் சந்தேகம் வராதபடி உணவுப் பொருள் சேகரித்து, பின்னர் அருவியாற்றின் கரையோரமாக, யானையும் முதலையும் நிறைந்த காட்டினூடே நடந்து, ஒக்ரோபர் 18 ஆம் திகதி அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர்.

மன்னார், கொழும்பு, பத்தாவியா வழியாக 1680 இல் இங்கிலாந்து சேர்ந்த நொக்ஸ், கப்பலிலேயே தம் நினைவுகளை எழுதத் தொடங்கியிருந்தார். விஞ்ஞானி றொபேட் ஹூக்கின் முன்னுரையுடன் 1681 இல் இலண்டனில் நூல் வெளிவந்தது. சில ஆண்டுகளுக்குள் ஜெர்மன், ஒல்லாந்து, பிரெஞ்சு மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. டானியல் டிபோ தமது கதைகளுக்கு இதிலிருந்து எடுத்துக்கொண்டவை பல என்பர்.

பிற்கால வாழ்வு அத்துணைச் சிறப்பானதன்று. கம்பனிக் கப்பலின் தலைவராகிய நொக்ஸ், மடகஸ்காரில் அடிமைகளை வாங்கிச் சென் ஹெலனா தீவுக்குக் கொண்டு செல்லும் பயணத்தையும் மேற்கொண்டார். பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்தவர் இதைச் செய்தார் என்பதை மறைப்பதற்கில்லை. இறுதிவரை மணம் புரியாத அவர் 1720 ஜூன் மாதத்தில் காலமானார்.

மூதூரில் 1893 இல் நாட்டப்பட்ட நினைவுக்கல், மரத்தடியில் பிடிபட்ட கப்பல் தலைவரே 19 ஆண்டுகள் சிறையிருந்தார் என்று சொல்கிறது. தந்தை, மகன் இருவருக்கும் ஒரே பெயர் என்பதால் வந்த மயக்கம் இது. மரத்தடியில் பிடிபட்டவர் தந்தை. நெடுங்காலம் இருந்தவர் மகன். பிள்ளைகளைக் கூட்டிச் சென்று காட்டுவோர் இதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

தமது நூலுக்கு நொக்ஸ் பிற்காலத்தில் எழுதிச் சேர்த்த கையெழுத்துப் பக்கங்கள் 1911 இல்தான் அச்சேறின. எலதத்தவில் தாம் எடுத்து வளர்த்த லூசியா என்ற சிறுமியைப் பற்றி அவற்றில் எழுதியிருக்கின்றார். சக கைதி ஒருவருக்கு உள்ளூர்ப் பெண்ணிடம் பிறந்த பிள்ளை அவள். அந்தக் காணியையும் வீட்டையும் அவளுக்கே உரியதாக்கும்படி அங்கிருந்த தோழர்களுக்கு அவர் கடிதம் எழுதினார்.