பேகனிடம் புலவர் வேண்டிய பரிசில்

கடையெழு வள்ளல்கள் எனத் தமிழுலகம் போற்றும் எழுவருள் ஒருவன் வையாவிக் கோப்பெரும் பேகன். ஆவியர் குடியிற் பிறந்தவன். பொதினி மலையையும் அதனைச் சூழ்ந்த நாட்டையும் ஆண்டவன். பொதினி என்னும் பெயரே பழனி என மருவிற்று என்பர் அறிஞர். இக்குடியின் முன்னோனாகிய நெடுவேள் ஆவி, மழவரை ஓட்டிய செய்தியை அகநானூற்றின் முதற்பாட்டிலேயே மாமூலனார் குறித்துள்ளார். பழனிக்கோயிலின் அடிவாரத்திலுள்ள ஆவினன்குடி இன்றும் அக்குடியின் பெயரைச் சுமந்து நிற்கின்றது.

பேகன் பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும் நமக்குக் கிடைத்தில. அவனுக்குக் கல்வெட்டும் இல்லை, செப்பேடும் இல்லை. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அம்மன்னனை நாம் அறிவது புலவர் வாயிலாகவே. புறநானூற்றில் 141 முதல் 147 வரையுள்ள ஏழு பாடல்கள் அவனைப் பற்றியவை. பரணர், கபிலர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் நால்வர் அவற்றைப் பாடினர். 1894 ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அந்நூலை அச்சேற்றியிராவிடில் இவ்வரலாற்றின் பெரும்பகுதி நம் கைக்கு எட்டியிராது.

மயிலுக்குப் போர்வை ஈந்த செய்தியைச் சிறுவரும் அறிவர். பழனி மலைத்தொடரின் தட்பவெப்பத்தை அறிந்தவர்க்கு அச்செய்தி வியப்பளிக்காது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இன்றைய கொடைக்கானல் அமைந்துள்ளது. அங்கு மழையும் மூடுபனியும் இறங்கும் பொழுதில் மேலாடையின் அருமை எவர்க்கும் புலனாகும். மழை வளம் மிக்க சாரலில் ஒரு மயில் அகவியது. அது குளிரால் வருந்துகின்றது என எண்ணிய பேகன், தன் மேனியிற் கிடந்த ஆடையை எடுத்து அதற்குப் போர்த்தினான்.

மயிலின் இயல்பறியாது செய்த பேதைமை இது என்று நகுவோர் உளர். ஆனால் பரணர் கூற்று வேறு. மயில் ஆடையை உடுத்தாது, போர்த்துக்கொள்ளாது என்பதை அறிந்தே அவன் கொடுத்தான் என்கின்றார் அவர். மறுமையில் வரும் பயனை நோக்கியது அன்று அவன் கொடை. பிறர் வறுமை ஒன்றையே நோக்கியது. மற்றொரு பாட்டில் அவனை மழைக்கு ஒப்பிடுகின்றார். வற்றிய குளத்திலும் பெய்கின்றது, அகன்ற வயலிலும் பெய்கின்றது, ஒன்றும் விளையாத உவர்நிலத்திலும் பெய்கின்றது மழை. இவ்வாறு வரையாது கொடுத்தலைக் கொடைமடம் என்றனர் பண்டையோர். கொடையில் அத்தகைய மடம் அவனுக்கு உண்டு. படையில் இல்லை என்பது பரணர் தீர்ப்பு.

இத்துணை அருளுடையவன் தன் மனைவியை மறந்தான். அவள் பெயர் கண்ணகி என்பது பாடல்களின் அடிக்குறிப்பால் விளங்குகின்றது. சிலப்பதிகாரத் தலைவி வேறு, இவள் வேறு. முல்லை வேலி சூழ்ந்த நல்லூரில் வாழ்ந்த மற்றொருத்தியை விரும்பிப் பேகன் நாள்தோறும் தேரேறிச் சென்றான். கட்டிய மனைவி பூச்சூடாது, கூந்தலுக்கு நறும்புகை ஊட்டாது தனித்திருந்தாள்.

ஒருநாள் வழிநடை வருத்தத்துடன் வந்த கபிலர் அவன் மலையைப் பாடியபோது ஒரு பெண் நெஞ்சம் விம்மி அழுதாள். அவள் யார் என்று பேகனிடமே கேட்டார் அவர். அப்பாட்டில் வரும் குறவர், மழை வேண்டிப் பலியிடுவர். மிகுதியாகப் பெய்தால் மழை நீங்கவும் வேண்டுவர். மழையும் அளவோடு இருத்தல் வேண்டும் என்பதை அறிந்த மக்கள் அவர்கள். பரணர் யாழ் மீட்டியபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. நீ பேகனுக்கு உறவோ என்று அவர் வினவ, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, உறவல்லேம் என்று விடையிறுத்தாள் அவள். மனைவியே அவ்வாறு கூறினாள் என்பதைப் பரணர் அவனுக்கு எடுத்துரைத்தார்.

பரிசில் பெற்று வாழ்வோர் பரிசில் தரும் மன்னனிடம் அவன் இல்லறத்தின் குறையைச் சுட்டுவது எளிதன்று. அடுத்த வேளை உணவே அவன் கையில் இருந்தது. எனினும் தமக்குக் கிடைத்த மதிப்பையும், கேட்டது கிடைக்கும் என்னும் உரிமையையும் அவர்கள் தமக்கெனச் செலவிடவில்லை. பசித்து வந்திலேம், சுற்றத்தின் சுமையும் எமக்கு இல்லை என்றார் பரணர்; இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே யாம் இரக்கும் பரிசில் என்றார். நீ தரும் அணிகலனும் செல்வமும் கிடக்கட்டும், தேரிற் குதிரையைப் பூட்டுக என்றார் அரிசில்கிழார். மலைகள் பல கடந்து வந்த பெருங்குன்றூர்கிழாரும், மழைபெய்யும் இரவில் தனித்திருந்தவளின் கூந்தல் மீண்டும் மலர் சூடுவதையே பரிசிலாகக் கேட்டார். நால்வரும் கேட்ட பொருள் ஒன்றே. பாரி மறைந்தபின் அவன் மகளிர்க்காக மன்னர் வாயில்தோறும் சென்று நின்ற கபிலர் இந்நால்வருள் ஒருவராக இருந்ததில் வியப்பில்லை.

மயிலின் குரல் கேட்டு இரங்கியவன் மனைவியின் அழுகைக்கு இரங்காதது ஏன் என்று புலவர் எவரும் இடித்துரைக்கவில்லை. மயிலுக்கு அருளியவனே என்று விளித்தே பரணர் தம் வேண்டுகோளைத் தொடங்கினார். அவனது புகழையே அவளுக்குத் துணையாக்கினார் எனலாம். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையில் வள்ளல் எழுவரை நிரல்படுத்துங்கால் பேகனுக்கு உரியதாகக் கூறுவது மயிலுக்கு ஈந்த ஆடையைத்தான். பெருஞ்சித்திரனாரும் குமணனைப் பாடிய புறப்பாட்டில் அவனை எழுவருள் வைத்துப் போற்றினார். கண்ணகியைக் குறித்து இவ்விருவரும் ஒன்றும் கூறவில்லை.

அன்றிரவு பேகன் தேரைப் பூட்டினானா? புறநானூற்றின் ஏழு பாடல்களிலும் அதற்கு விடை இல்லை.