திருடிய கை... கொடுத்த கை!

குழந்தைகளே! அப்பாவுக்குத் தெரியாமல் பணம் எடுத்த ஒரு சிறுவன், பின்னாளில் பத்தாயிரம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டான் என்றால் நம்புவீர்களா?

அவர் பெயர் ஜார்ஜ் முல்லர். இன்றைய ஜெர்மனியில் உள்ள ஓர் ஊரில் 1805-ல் பிறந்தார். தந்தை வரி வசூலிக்கும் அதிகாரி. வீட்டில் இருந்த அரசுப் பணம் அடிக்கடி குறைந்தது. சந்தேகப்பட்ட தந்தை, ஒருநாள் பணத்தை எண்ணி வைத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்து மகனைச் சோதித்தார். காணாமல்போன காசு, அவனது காலணிக்குள் பாதத்தின் அடியில் இருந்தது! அதன் பிறகும் அவர் திருந்தவில்லை. 16 வயதில், விடுதியில் தங்கிவிட்டுக் காசு கொடுக்காததால் சிறைக்கும் போனார்.

1825-ல், கல்லூரியில் படிக்கும்போது, நண்பருடன் ஒரு வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்துக்குச் சென்றார். அங்கே அவர் மனம் மாறியது. பிறகு இங்கிலாந்து சென்று போதகரானார். 1830-ல் தமக்கு வந்துகொண்டிருந்த சம்பளத்தையும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

பிரிஸ்டல் நகரில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர் தவித்தனர். அவர்களுக்கு இல்லம் தொடங்க விரும்பினார் முல்லர். கையில் பணமில்லை. ஆனாலும் இரண்டு உறுதிகள் எடுத்துக்கொண்டார்: கடன் வாங்கக் கூடாது, கடவுளைத் தவிர யாரிடமும் பணம் கேட்கக் கூடாது.

அப்போது, தையல் வேலை செய்து பிழைத்த ஓர் ஏழைப் பெண் 100 பவுண்டு கொடுத்தார். அது அவருக்குக் கிடைத்த குடும்பச் சொத்தின் ஒரு பகுதி. உடனே வாங்கிக்கொள்ள முல்லருக்கு மனம் வரவில்லை. அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் வருந்துவாரோ என்று பொறுமையாக விசாரித்தார். அவர் மனதார யோசித்துத்தான் தருகிறார் என்று தெரிந்த பிறகே பெற்றுக்கொண்டார். பணம் தேவைப்பட்ட நேரத்திலும் இப்படி நடப்பது எவ்வளவு கடினம், பாருங்கள்!

1836-ல் ஒரு வாடகை வீட்டில் இல்லம் திறந்தது. அடுத்த வேளை உணவுக்குக் காசில்லாத நாட்களும் இருந்தன. அப்போதும் அவர் ஜெபம்தான் செய்தார். எப்படியாவது உதவி வந்து சேர்ந்தது. 1870-க்குள் ஆஷ்லி டவுன் என்ற இடத்தில் ஐந்து பெரிய கட்டடங்கள் எழுந்தன. அங்கே ஒரே சமயத்தில் 2,000 பிள்ளைகளுக்கு மேல் தங்கலாம்.

நாணயம் நாணயமாக வரவு செலவை எழுதி, ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டார். அப்பாவின் பணத்தைத் திருடியவரை நம்பி, ஊரார் லட்சக்கணக்கான பவுண்டுகளை அனுப்பினார்கள்!

1898-ல், 92 வயதில் முல்லர் காலமானார். தமக்கென்று வந்த பணத்தில் 80 ஆயிரம் பவுண்டுக்கு மேல் பிறருக்குக் கொடுத்திருந்தார். அவர் விட்டுச்சென்றதோ மிகச் சொற்பம்தான்.

செல்லங்களே, தப்பு செய்துவிட்டோமே என்று சோர்ந்துவிடாதீர்கள். மனம் மாறினால், எடுத்த கையே கொடுக்கும் கையாகும்!