மீன்களின் காவலர் பிரான்சிஸ் டே

மயிலாப்பூருக்குக் கிழக்கே கடற்கரையில் நொச்சிக்குப்பமும், அடையாற்றின் முகத்துவாரத்திற்கு அருகில் ஊரூர்க் குப்பமும் உள்ளன. விடியற்காலையில் அங்குச் செல்வோர் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி எனப் பலவகை மீன்கள் மணலில் குவிந்திருத்தலைக் காணலாம். இம்மீன்களையெல்லாம் ஆராய்ந்து, வகுத்து, படம் வரைந்து நூலாக்கியவர் பிரான்சிஸ் டே என்னும் ஆங்கில மருத்துவர் ஆவார்.

டே, 1829ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியில் பிறந்தார். மருத்துவம் பயின்று, 1852ஆம் ஆண்டு சென்னைப் படையில் துணை மருத்துவராகச் சேர்ந்தார். நோயாளரைப் பேணுதல் அவரது தொழில். மீன்களை ஆராய்தல் அவரது வேட்கை. கொச்சியில் பணியாற்றியபொழுது தாம் கண்டறிந்தவற்றைத் தொகுத்து, 1865ஆம் ஆண்டு மலையாளக் கரை மீன்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்.

அக்காலத்தில் உழவுக்கு நீர் வேண்டி ஆறுகளின் குறுக்கே அணைகள் எழுப்பப்பெற்றன. அவற்றால் வயல்கள் செழித்தன; ஆயின் மீன்களின் வழி அடைபட்டது. உல்லம் என்னும் மீன் கடலில் வாழ்வது. முட்டையிடுவதற்கு ஆற்றினுள் எதிரேறி வருவது. கொள்ளிடத்தின் குறுக்கே 1836ஆம் ஆண்டு கட்டப்பெற்ற கீழணை அதனைத் தடுத்து நிறுத்தியது. அணைகளைக் கட்டிய ஆர்தர் காட்டனே 1867ஆம் ஆண்டு இத்தீங்கினை அரசுக்கு எடுத்துரைத்தார். அதனை ஆராயும் பொறுப்பு டேயிடம் வந்தது. பின்னர் அவர் இந்தியா முழுவதற்கும் மீன்துறைத் தலைமைக் கண்காணிப்பாளரானார்.

நாடெங்கும் சுற்றிய டே, 1873ஆம் ஆண்டு தம் அறிக்கைகளை அளித்தார். ஆற்று மீன்கள் குறைவதற்குக் காரணம் மனிதரின் செயலே என்று அவர் தெளிவுறுத்தினார். கண் நெருங்கிய வலைகளும் நிலையான பொறிகளும் மீன்குஞ்சுகளை அழித்தலை அவர் கண்டார். வலைக் கண்ணிற்கு அளவு வரையறுத்தல் வேண்டும். குஞ்சுகளைப் பிடித்தலையும் விற்றலையும் தடுத்தல் வேண்டும். அணைகளில் மீன் ஏறுதற்கு வழி அமைத்தல் வேண்டும் என்பன அவர் கூறிய தீர்வுகள். உப்புவரி மிகுதியால் கடல்மீனைப் பதப்படுத்த இயலாது மீனவர் வருந்துதலையும் அவர் சுட்டிக்காட்டினார்.

1875 முதல் 1878 வரை அவரது பெருநூலான 'இந்திய மீன்கள்' பகுதி பகுதியாக வெளிவந்தது. அதில் 1,400க்கு மேற்பட்ட மீன்வகைகள் விளக்கப்பெற்றுள்ளன. படங்களையும் அவரே வரைந்தார். அவர் சேர்த்த மீன்கள் கல்கத்தா, லண்டன், சிட்னி முதலிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் இடம்பெற்றன.

டே 1889ஆம் ஆண்டு இங்கிலாந்தில் காலமானார். வெடியாலும் நஞ்சாலும் மீன் கொல்லுதலைத் தடுக்கும் இந்திய மீன்துறைச் சட்டம் 1897ஆம் ஆண்டிலேதான் பிறந்தது. தாம் விதைத்ததன் பயனைக் காண அவர் உயிரோடு இல்லை.

அவர் காட்டிய நெறி இன்றும் தேவைப்படுகிறது. மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைகள் மீன்களுக்கு உறைவிடமாக விளங்குகின்றன. வெடி வைத்தலாலும், பாறைகளை வெட்டியெடுத்தலாலும் அவை நலிவுற்றன. ஆகவே, அங்குள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றன. மீன்கள் இனம் பெருகுதற்பொருட்டு, நம் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லுதல் தடைசெய்யப்படுகிறது.

மாணவர்களே, குஞ்சினை அழிப்பவன் நாளைய உணவினை அழிப்பவன் ஆவான். கடலை நம்பி வாழும் குப்பத்து மக்களின் வாழ்வும் அதனோடு அழியும். ஒன்றனைக் காத்தற்கு முதற்படி அதனை நன்கு அறிதல். டேயின் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.