டட்லி வாட்கின்ஸும் ஸ்காட்லாந்தின் ஞாயிற்றிதழ்ச் சித்திரத்தொடர்களும்

ஒரு மக்கட்கூட்டத்தின் பேச்சையும் அன்றாட வாழ்வையும் அச்சில் நிலைநிறுத்தியவர் யார் என வினவினால், எழுத்தாளர் ஒருவரைச் சுட்டுவதே இலக்கிய வரலாற்றின் வழக்கம். இருபதாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தைப் பொறுத்தவரை அவ்விடையில் ஓவியர் ஒருவரின் பெயரும் இடம்பெறுதல் வேண்டும். அவர் டட்லி டெக்ஸ்டர் வாட்கின்ஸ். அவர் ஸ்காட்லாந்தில் பிறந்தவரல்லர். அவர் வரைந்தவற்றுள் கணிசமான பகுதி பெயரின்றியே வெளிவந்தது. இவ்விரண்டும் படைப்பாளி என்னும் கருத்தாக்கத்தை மீண்டும் எண்ணிப் பார்க்கத் தூண்டுகின்றன.

வாட்கின்ஸ் 1907 பிப்ரவரி 27 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரை அடுத்த பிரெஸ்ட்விச்சில் பிறந்து, நாட்டிங்காமில் வளர்ந்தார். தந்தை கல்லச்சு ஓவியர்; ஆகவே கோடும் மையும் அவருக்கு வீட்டுத்தொழிலாகவே அறிமுகமாயின. நாட்டிங்காம் கலைப்பள்ளியில் பயின்றபின், 1924இல் கிளாஸ்கோ கலைப்பள்ளியிற் சேர்ந்தார். அப்பள்ளி முதல்வரின் பரிந்துரையால் 1925இல் டண்டீ நகரின் டி.சி. தாம்சன் பதிப்பகத்தில் பணியேற்றார். முதலில் ஆறு திங்களுக்கே ஒப்பந்தம். பணியோ வாழ்நாள் முழுதும் நீண்டது. தொடக்கத்தில் சிறுவர் கதையிதழ்களுக்குப் படம் வரைந்தார். வருவாய் போதாமையால் டண்டீ கலைப்பள்ளியில் பகுதிநேரமாகக் கற்பிக்கவும் செய்தார்.

திருப்பம் 1936 மார்ச் 8 அன்று நேர்ந்தது. அப்பதிப்பகத்தின் சண்டே போஸ்ட் செய்தித்தாளில், சிறுவர் இதழ்களின் பொறுப்பாசிரியர் ஆர்.டி. லோவுடன் இணைந்து உருவாக்கிய இரு தொடர்கள் ஒரே நாளில் தொடங்கின. ஒன்று ஊர் வுல்லி. மற்றொன்று தி புரூன்ஸ். முதற்பெயரிலுள்ள ஊர் என்பது தமிழ்ச்சொல்லை நினைவூட்டினும், ஸ்காட்ஸ் வழக்கில் அது 'நம்ம' என்னும் உரிமைப்பொருள் தருவது. கவிழ்த்த வாளியின்மேல் அமர்ந்திருக்கும் பரட்டைத்தலைச் சிறுவனே வுல்லி. புரூன்ஸ், அடுக்ககக் குடியிருப்பில் வாழும் பதினொருவர் கொண்ட உழைக்கும் வர்க்கக் குடும்பம்: பாட்டன், தாய், தந்தை, எட்டு மக்கள்.

இத்தொடர்களின் பேச்சுக்குமிழ்களில் பள்ளி ஆங்கிலம் இல்லை; வீட்டிற் பேசும் ஸ்காட்ஸ் மொழியே உண்டு. அச்சில் அரிதாகவே மதிப்புப் பெற்ற அவ்வழக்கை வாரந்தோறும் இல்லங்களுக்குக் கொண்டுசேர்த்தது ஒரு நகைச்சுவைப் பக்கம். எனினும் உரையாடலில் ஆசிரியர் குழுவின் பங்கு பெரிது என்பதால், அம்மொழியை வாட்கின்ஸுக்கு மட்டுமே உரித்தாக்குதல் பொருந்தாது. அவருடையதெனத் துணிந்து கூறத்தக்கது மெய்ப்பாடு. தாயின் இடுப்பிலமர்ந்த கை, நாணித் தாழும் தந்தையின் மீசை, குறும்பு வெளிப்பட்டபின் வுல்லியின் தோள் ஒடுங்குதல் ஆகியன சொல்லின்றியே பொருள் தருவன. அயலிலிருந்து வந்த கண், உள்ளூரார் பழகிப் பாராது விட்ட அசைவுகளைக் கண்டிருக்கக்கூடும் என்பது எம் கருத்து.

1937 டிசம்பரில் தொடங்கிய டான்டி இதழுக்கு டெஸ்பரேட் டானையும், 1938 ஜூலையில் தொடங்கிய பீனோவுக்கு லார்ட் ஸ்னூட்டியையும் வரைந்தார். டான் அமெரிக்க மேற்குநில மாடுமேய்ப்பன். ஆயினும் அவன் வாழும் தெருக்களில் பிரித்தானியச் சாயலே மிகுதி. புதையல் தீவு முதலிய புதினங்களைப் படக்கதைகளாக்கியதும் குறிப்பிடத்தக்கது.

தாம்சன் பதிப்பகம் அக்காலத்தில் ஓவியர்களின் பெயரை வெளியிடாத மரபுடையதாயிருந்தது. அம்மரபைத் தளர்த்தி, 1946 முதல் தம் படங்களில் கையொப்பமிட வாட்கின்ஸுக்கு இசைவு கிடைத்தது. இது மிகச் சிலருக்கே வாய்த்த சலுகை. ஆழ்ந்த கிறித்தவப் பற்றாளரான அவர், சமயச் சிறுவர் இதழ்களுக்கும் படக்கதைகள் வரைந்தளித்தார்.

1969 ஆகஸ்ட் 20 அன்று, டண்டீயை அடுத்த பிராட்டி ஃபெரியிலிருந்த தம் இல்லத்தில் வரைமேசையருகே மாரடைப்பால் இறந்தார், அகவை 62. ஓவியரைப் பெயரற்றவராகவே வைத்திருக்க விழைந்த நிறுவனம் அவரிடத்தில் உடனே வேறொருவரை அமர்த்தியிருக்கலாம். மாறாக, வுல்லியும் புரூன்ஸும் பல ஆண்டுகள் அவருடைய பழைய பக்கங்களின் மறுபதிப்பாகவே சண்டே போஸ்ட்டில் வெளிவந்தன.