சுவையும் வலியும் ஒரே வாயில்... ஒரு நாளைக்கு 20 சுருட்டு பிடித்த சிக்மண்ட் ஃப்ராய்டு!

சிக்மண்ட் ஃப்ராய்டு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வெள்ளைத் தாடி, வட்டக் கண்ணாடி, நோயாளிகள் படுத்துக்கொண்டு பேசும் சோபா, கனவுகளுக்கு அவர் சொன்ன விளக்கங்கள். போனை எடுத்து அவர் போட்டோவைத் தேடிப் பாருங்கள். பாதிப் படங்களில் விரல்களுக்கு நடுவே ஒரு சுருட்டு இருக்கும். அது போட்டோவுக்காகப் பிடித்த போஸ் இல்லை. மனுஷன் ஒரு நாளைக்கு சுமார் 20 சுருட்டு பிடித்தவர்!

1856-ல் பிறந்தவர் ஃப்ராய்டு. அப்பாவும் புகைப்பிடிப்பவர்தான். 24 வயதில் சிகரெட்டில் ஆரம்பித்தவர், சீக்கிரமே சுருட்டுக்கு மாறிவிட்டார். அதற்கப்புறம் படிப்பது, எழுதுவது, யோசிப்பது எல்லாமே புகைக்கு நடுவில்தான். 1902-ல் வியன்னாவில் இருந்த தன் வீட்டில் புதன்கிழமைக் கூட்டங்களைத் தொடங்கினார். முதலில் ஒருவர் கட்டுரை வாசிப்பார். பிறகு பிளாக் காபியும் கேக்கும் வரும். மேஜை மேல் சுருட்டுகள் தயாராக இருக்கும். விவாதம் முடியும்போது அறையே புகைமூட்டமாகிவிடும். உலகத்தையே புரட்டிப்போட்ட மனோதத்துவம் வளர்ந்தது அந்தப் புகைக்குள்தான்.

ருசி விஷயத்திலும் அவர் கறார் பேர்வழி. ஆஸ்திரியாவில் புகையிலை அப்போது அரசாங்கத்தின் ஏகபோகம். அங்கே கிடைத்த 'டிரபுகோ' ரகத்தை தினமும் பிடித்தாலும், மனசு என்னவோ 'டான் பெட்ரோ', 'ரெய்னா கியூபானா' மாதிரி ரகங்கள் மேல்தான். வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்கள் நல்ல சுருட்டு கொண்டுவந்தால் குழந்தை மாதிரி சந்தோஷப்படுவார்.

ஒரு சுருட்டில் அப்படி என்னதான் ரசிப்பார்கள் என்று கேட்கிறீர்களா? புகையிலைச் செடியின் உச்சி இலைகளுக்கு வெயில் அதிகம் கிடைக்கும். அதனால் அவை தடிமனாக, காட்டமாக இருக்கும். அவற்றை அதிகம் சேர்த்துச் சுருட்டியதைத்தான் 'ஃபுல் பாடி' என்கிறார்கள். இலையை உலர்த்தி, குவியலாக அடுக்கிப் புளிக்க வைப்பார்கள். அந்தச் சூட்டில் அம்மோனியா நெடி வெளியேறும். சுருட்டிய பிறகும் மரப்பெட்டியில், அளவான ஈரப்பதத்தில் வருஷக்கணக்கில் வைத்தால் முரட்டுத்தனம் அடங்கி, மணம் ஒன்றோடொன்று கலந்துவிடும். பழகிய நாக்குக்கு அதில் காபி, மிளகு, தோல், கோகோ எல்லாம் தெரியுமாம்.

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம். சிகரெட் புகை மாதிரி சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. வாயிலேயே நிறுத்தி, நாக்கிலும் அண்ணத்திலும் உருளவிட்டு மெதுவாக வெளியே விடுவார்கள். அந்தப் புகையில் காரத்தன்மை அதிகம் என்பதால் நிக்கோட்டின் வாயின் மென்தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். ஆக, சுவை, போதை, விஷம் மூன்றுக்கும் ஒரே இடம்... வாய்!

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 1890-களில் இதயத்துடிப்பு தாறுமாறானபோது, டாக்டர் நண்பர் வில்ஹெல்ம் ஃப்ளீஸ் சுருட்டை விடச் சொன்னார். ஃப்ராய்டு விட்டும் பார்த்தார். சில வாரங்கள்தான்! எழுத்து ஓடவில்லை, மனசு சோர்ந்துபோனது. மறுபடியும் பற்றவைத்துவிட்டார். இத்தனைக்கும், சின்ன வயதில் உதட்டில் கிடைக்கும் இன்பத்துக்கும் பெரியவனானதும் வரும் புகைப்பழக்கத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று 1905-லேயே எழுதியவர் அவர்தான்.

1923 பிப்ரவரியில் வாய்க்குள் ஒரு வளர்ச்சி இருப்பதைக் கவனித்தார். ஆனால் உடனே டாக்டரிடம் போகவில்லை. போனால் சுருட்டை நிறுத்தச் சொல்வார்களே! இரண்டு மாதம் ஓடியது. ஏப்ரலில் முதல் ஆபரேஷன். அன்றைக்கு ரத்தம் கொட்டியபோது அழைப்பு மணி வேலை செய்யவில்லை. அதே அறையில் இருந்த இன்னொரு நோயாளிதான் ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவந்தார். புற்றுநோய் என்ற உண்மையைக்கூட டாக்டர்கள் முதலில் அவரிடம் மறைத்துவிட்டார்கள்.

அக்டோபரில் டாக்டர் ஹான்ஸ் பிஷ்லர், அவருடைய வலது மேல்தாடையில் பெரும்பகுதியையும் அண்ணத்தில் ஒரு பகுதியையும் அகற்றினார். வாயையும் மூக்கையும் பிரிக்க ஒரு பெரிய செயற்கைத் தாடை பொருத்தப்பட்டது. அதை மாட்டவும் கழற்றவும் மகள் அன்னாவின் துணை வேண்டும். பேச்சு குழறியது. வலது காது கேட்காமல்போக, நோயாளிகள் பேசுவதை இடது காதால் கேட்பதற்காக சோபாவின் இடத்தையே மாற்றினார். அடுத்தவர் பேச்சைக் கேட்டே வைத்தியம் பார்த்தவருக்கு இந்த நிலைமை!

இப்போதாவது விட்டாரா? இல்லை. வாய் சரியாகத் திறக்காதபோது, துணி காயப்போடும் கிளிப்பைப் பல்லிடுக்கில் வைத்து இடைவெளி உண்டாக்கி, சுருட்டைப் பொருத்திக்கொண்டார். 16 வருஷங்களில் 30-க்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள். சிந்தனை மழுங்கிவிடும் என்று பெரும்பாலும் வலுவான வலிமருந்தைக்கூட மறுத்தவர், சுருட்டை மட்டும் மறுக்கவில்லை. தன்னால் இவ்வளவு உழைக்க முடிந்ததே அதனால்தான் என்று நம்பினார்.

1938-ல் நாஜிகளிடமிருந்து தப்பித்து லண்டன் போனார். கடைசி நாள்களில் புண் கன்னம் வரை அரித்துவிட்டது. அதன் நாற்றம் தாங்காமல், அவர் உயிராக வளர்த்த சௌ சௌ நாய் அருகே வராமல் அறையின் மூலையில் போய் ஒதுங்கியது. மணத்தை ஆயுசு முழுக்க ரசித்த மனுஷன் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். 1939 செப்டம்பர் 23-ல், 83 வயதில் இறந்தார்.

நமக்கு ஏன் இந்தப் பழக்கம் என்று தெரிந்துவிட்டால் விட்டுவிடலாம் என்று நினைப்போம், இல்லையா? காரணத்தை ஃப்ராய்டைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர் யார்? தெரிந்துகொள்வது வேறு, விடுவது வேறு. முடியாதபோது உதவி கேட்பதில் வெட்கமே வேண்டாம். உங்கள் வாயில் வெள்ளைத் திட்டோ, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால், இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். திட்டுவாரே என்று தள்ளிப்போடாதீர்கள். ஃப்ராய்டு தள்ளிப்போட்டது வெறும் இரண்டே மாதம்தான்!