ஐயத்திற்கும் இடந்தந்த ஆத்திகர்

ஏழுமலை அடிவாரத்தில் குடியேறி வாழும் தமிழராகிய நாம் திருப்பதியைக் கோயில் நகரம் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். கடவுள் நம்பிக்கையையும் கடவுள் மறுப்பையும் ஒருசேர ஆராய்ச்சிப் பொருளாக்கிய பேரறிஞர் ஒருவர் சிறுவராக இருந்து பயின்ற ஊரும் இதுவே என்பதை நம்முள் பலர் நினைப்பதில்லை. அவரே டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். செப்டம்பர் 5ஆம் நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடி, மாலை சூட்டி, அத்தோடு அவரை மறந்துவிடுகிறோம். அவர் எழுதியவற்றைப் படிப்பவர் எத்தனை பேர்?

1888ஆம் ஆண்டு திருத்தணிகையில் அவர் பிறந்தார். அவ்வூர் அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுள் சேர்ந்தது. எல்லைக் கிளர்ச்சிக்குப் பின் 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. தந்தையார் வீராசாமி சிற்றூதியம் பெற்ற வருவாய்த்துறைப் பணியாளர், தாயார் சீதம்மா. வீட்டு மொழி தெலுங்கு. எல்லைக்கு இருபுறமும் உறவுடைய நமக்கு அவர் அயலார் அல்லர்.

எட்டு வயதில், 1896இல், திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியில் சேர்ந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் வேலூர் ஊரிசு கல்லூரி. அடுத்துச் சென்னைக் கிறித்துவக் கல்லூரி. ஆகப் பன்னிரண்டு ஆண்டுகள் பாதிரிமார் நடத்திய நிலையங்களிலேயே கல்வி. வீட்டில் வணங்கிய தெய்வங்களைக் குறைகூறும் சொற்கள் அங்கே காதில் விழுந்தன. இளம் உள்ளம் புண்பட்டது. ஆயினும் அவர் சினந்து எழவுமில்லை. கேட்டதை அப்படியே நம்பித் தம் சமயத்தைக் கைவிடவுமில்லை. அக்குறைகளில் எவை மெய், எவை பொய். நம் சமயத்தில் உயிருள்ளது எது, உலர்ந்துபோனது எது என ஆராயத் தலைப்பட்டார். அவருடைய வாழ்நாட்பணி இவ்வினாவிலிருந்தே கிளைத்தது என்பது நம் கருத்து.

தத்துவத்தை அவர் தேடிச் சென்றாரல்லர். உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவ நூல்கள் கைக்கு வந்தன; வறுமை காரணமாக அதுவே பாடமாயிற்று. வேதாந்தத்தில் ஒழுக்கவியலுக்கு இடமில்லை என்பார்க்கு விடையாக, 1908இல், இருபது வயதில், தம் முதுகலை ஆய்வுரையை எழுதினார். பேராசிரியர் ஹாக் கிறித்துவ இறையியல் அறிஞர். தம் மாணவர் எழுதிய அவ்வுரையை அவரே பாராட்டினார். பாராட்டிய ஆசிரியரின் பெருமையையும் இங்கு நாம் போற்ற வேண்டும்.

மாநிலக் கல்லூரி, மைசூர், கல்கத்தா எனப் பதவிகள் வளர்ந்தன. அவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1920இல் வெளிவந்த ஒரு நூலைப் பற்றி மட்டும் சிறிது நின்று பேசுவோம். அக்கால மேனாட்டுத் தத்துவ ஆராய்ச்சியில் சமயம் செலுத்திய ஆட்சியைப் பற்றியது அது. பெர்க்சன், வில்லியம் ஜேம்ஸ், ஜேம்ஸ் வார்டு முதலிய பெரியோர், தம் சமயப் பற்று இழுத்த பக்கமே தத்துவத்தையும் இழுத்துச் சென்றனர் என்று அவர் குற்றம் சாட்டினார். தத்துவம் நம்பிக்கைக்கு ஏவல் செய்யலாகாது என்று முப்பத்திரண்டு வயது ஆத்திகர் ஒருவர் எழுதினார்! அவர் கண்ட முடிவு அத்துவைதத்தின் பக்கமே சாய்ந்தது என்பது உண்மை. அது அவருடைய சொந்தச் சாய்வு அன்றோ என்று வினவுவார்க்கும் இடமுண்டு.

1923இல் வெளியான இந்தியத் தத்துவ வரலாற்றின் முதல் தொகுதியில் உலோகாயதருக்குத் தனி இயல் வகுத்தார். தமிழருக்கு இது புதிதன்று. மணிமேகலையில் பூதவாதி பேசுகிறான். நீலகேசியில் அவனுக்கு ஒரு சருக்கமே உண்டு. சிவஞான சித்தியாரின் பரபக்கம் உலோகாயதனிடமிருந்தே தொடங்குகிறது. ஆனால் அங்கெல்லாம் அவன் தோற்பதற்கென்றே அவையேறுகிறான். இராதாகிருஷ்ணனும் அவர்களை மறுத்தவரே. எனினும், பழமையின் சுமை மக்களை அழுத்திய காலத்தில் அச்சுமையைத் தள்ளியவர்கள் அவர்கள். பின்வந்த பெருஞ்சிந்தனைகளுக்கு நிலம் திருத்தியவர்கள் அவர்கள் என்று உரிய நன்றியையும் செலுத்தினார். 1932இல் வெளிவந்த ஹிப்பர்ட் சொற்பொழிவு நூலில் இயற்கைவாத நாத்திகம், அறியொணாக் கொள்கை, ஐயவாதம், மனிதநேயவாதம் முதலியவற்றைச் சமயத்தின் இடத்திற்கு வந்த மாற்றுகளாகக் கொண்டு ஒவ்வொன்றாய் எடைபோட்டார். பழித்தல் இல்லை, போதாமையை மட்டும் காட்டினார்.

புத்தர் பெருமானைப் பற்றி அவர் கூறியதை மட்டும் நாம் முழுமனத்துடன் ஏற்க இயலவில்லை. கடவுளைக் குறித்துப் புத்தர் காத்த மௌனம் மறுப்பு அன்று. உபநிடத வழி வந்த அடக்கமே என்றார். பௌத்த அறிஞர் பலர் இதற்கு உடன்படவில்லை. இல்லை என்பாரையும் உள்ளுக்குள் உண்டு என்பாராக ஆக்கிக்கொள்வது அன்பின் செயலாகலாம். இல்லை என்பார்க்கு அது நீதியாகுமா?

இவ்வினா ஏட்டளவில் நிற்கவில்லை. 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு அவர் தலைவரானார். நாடு பிரிந்து குருதி சிந்திய காலம். கல்லூரியில் சமயத்திற்கு இடமுண்டா என்ற கேள்வி எழுந்தது. நாள்தோறும் சில நிமிட மௌனத்துடன் பணி தொடங்குக. முதலாண்டில் பல சமயப் பெரியார் வரலாறும், இரண்டாமாண்டில் பல மறைநூல்களின் பொதுப்பகுதிகளும், மூன்றாமாண்டில் சமயத் தத்துவத்தின் அடிப்படை வினாக்களும் கற்பிக்குக என்று குழு 1949இல் பரிந்துரைத்தது. எந்த ஒரு சமயத்தின் போதனையும் அதில் இல்லை. மௌனத்தில் நம்புவோன் தொழலாம், நம்பாதோன் சிந்திக்கலாம். ஆயினும் பெரும்பாலான கல்லூரிகள் அப்பாடத்திட்டத்தைக் கைக்கொள்ளவில்லை.

அவ்வாண்டே சோவியத் நாட்டிற்குத் தூதராகச் சென்றார். நாத்திகத்தை அரசே பரப்பிய நாட்டில், ஆக்ஸ்போர்டில் கீழைச் சமயப் பேராசிரியராக இருந்துகொண்டே, 1952 வரை பணிபுரிந்தார். பின்னர்க் குடியரசுத் துணைத்தலைவர். 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவர். சமயச்சார்பற்ற அரசு என்பது சமயத்தை மறுக்கும் அரசு அன்று. எச்சமயத்தையும் தனியே உயர்த்தாத அரசு என்பது அவர் விளக்கம். 1955இல் வெளிவந்த நூலில் அதனை எழுதியுள்ளார். அவ்விளக்கத்தில் நாத்திகக் குடிமகனின் இருக்கை எங்கே என்று கேட்பார் இன்றும் உளர். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மனச்சான்றின் உரிமையை அனைவர்க்கும் தந்து அதற்கு விடை கூறுகிறது.

அவர் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த 1933இல், காக்கிநாடாக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் ஆசிரியரான கோரா, நாத்திகர் என்பதற்காக வேலையிழந்தார். அக்கோராவே பின்னர் விஜயவாடாவில் நாத்திக மையத்தை வளர்த்தார். இராதாகிருஷ்ணன் 1975 ஏப்ரல் 17ஆம் நாள் சென்னையில் காலமானார்; அவ்வாண்டு அவருக்குக் கிடைத்த டெம்பிள்டன் பரிசுத்தொகை ஆக்ஸ்போர்டுக்குச் சென்றது. மூன்று திங்கள் கழித்து, சூலையில், கோராவும் மறைந்தார். சமயச்சார்பற்ற என்னும் சொல் அரசியலமைப்பின் முகப்புரையில் சேர்க்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டு, 1976இல்.